வாளியோடு நின்றுவிடலாமா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சினிமாவையும் கிரிக்கெட்டையும் தவிர வேறு என்ன தெரியும்?" இது நம் குடும்பங்களிலும் பங்குப் பேரவைகளிலும் பல ஆண்டுகளாக நாம் சொல்லி வந்த வாக்கியம். 2017ஆம் ஆண்டு சனவரி மாதம் அதைப் பொய்யாக்கியது. 17ஆம் நாள் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடத் தொடங்கிய இளைஞர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் அந்த மணலிலேயே தங்கினார்கள். கட்சிக் கொடிக்கு அங்கே இடமில்லை. உண்ட இடத்துக் குப்பையைத் தாங்களே அள்ளினார்கள். 23ஆம் நாள் காவல்துறை அவர்களை வெளியேற்றியபோது, ஓடிவந்த பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட நடுக்குப்பம் மீனவ மக்கள் அதற்குரிய விலையைக் கொடுத்தார்கள். அவர்களுடைய மீன் சந்தை எரிந்து போனது.

அதன்பின் ஐந்து நாள்கள்தாம் கடந்தன. சனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. ஆனால் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கருங்கூழாக எண்ணெய் ஒதுங்கியபோது எதையும் மறைக்க முடியவில்லை. உறிஞ்சு வாகனங்களால் அந்தக் கெட்டிக் கசடை எளிதில் இழுக்க முடியாமல் போகவே, மனிதர்கள் வரிசையாக நின்று வாளியில் மொண்டு கைமாற்றிக் கொட்டினார்கள். குப்பத்து இளைஞர்களும், நகரின் மறுமுனையிலிருந்து வந்த கல்லூரி மாணவர்களும், அரசு ஊழியர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். நூறு டன்னுக்கும் மேற்பட்ட கசடு இப்படித்தான் அகற்றப்பட்டது. விண்வெளிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட செயற்கைக் கோள்களை ஒரே முறையில் அனுப்ப நாடு ஆயத்தமாகிக் கொண்டிருந்த நாள்கள் அவை!

வாளி ஏந்திய அந்தக் கைகளை எல்லாரும் பாராட்டினோம். பாராட்டவும் வேண்டும். ஆனால் பாராட்டியதோடு பலர் வீடு திரும்பிவிட்டார்கள். சிலர் மட்டும் அங்கே நின்று ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்த வேலை ஏன் எங்கள் தலையில் விழுந்தது? நாம் சிந்திக்க வேண்டியது அந்தச் சிலரைப் பற்றித்தான். ஓர் இளைஞர் இரக்கத்திலிருந்து நீதிக்கு எப்படி நகர்கிறார்? அவரை நகர்த்துவது எது? நகரவிடாமல் தடுப்பது எது?

மீண்டும் அதே வாளி

ஏழு ஆண்டுகள் நிறைவதற்குள் அதே காட்சி திரும்பியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் மழையோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அது மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. மீண்டும் மீனவர்களே குவளையும் வாளியும் எடுத்துப் படகில் இறங்கினார்கள். 2017இல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு இப்போது பதினாறு, பதினேழு. தந்தை செய்ததைப் பார்த்த பிள்ளை, இப்போது தானே செய்கிறது. இது எந்த வகையான முன்னேற்றம்?

அந்தக் கறை காயுமுன்னே, டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றி மலர் தூவும் அதே நாள். முதல் மறைச்சாட்சி புனித ஸ்தேவானின் திருநாளும் அதுவே. மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தூங்கும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆலைக்கு அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 2,090 இருந்தது. கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 49 இருந்தது. இவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அளந்து சொன்ன கணக்குகள்.

இந்தக் கணக்குகளை நாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று முதல் ஆலை வாயிலருகே பந்தல் போட்டு மாதக்கணக்கில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இந்த எண்கள் மனப்பாடம். வேதியியல் பாடத்தில் அமோனியாவின் வாய்பாட்டை எழுதி மறந்துபோன பிள்ளைக்கு, மைக்ரோகிராம் என்றால் என்ன, யார் அளக்கிறார்கள், எந்தச் சட்டப்படி அளக்கிறார்கள், பசுமைத் தீர்ப்பாயம் என்பது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உரிய துறைகளின் தடையின்மைச் சான்று பெற்ற பிறகே ஆலை இயங்கலாம் என்று 2024 மே மாதம் சொன்னது. கேட்ட அனைத்தும் கிடைக்கவில்லை. ஆயினும் படித்தது வீணாகவில்லை.

அதற்கு முன்பே எண்ணூர் நமக்கு இன்னொரு பாடமும் நடத்தியிருந்தது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் கழிமுகத்தின் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அரசு அலுவலகத்திலிருந்து கிடைத்த இன்னொரு வரைபடத்திலோ அந்தக் கழிமுகமே இல்லை! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக இரண்டையும் பெற்று அருகருகே வைத்துக் காட்டியவர்கள் மீனவர்களும் அவர்களோடு நின்ற ஆர்வலர்களும்தாம். கொசஸ்தலையாறு ஓடுவதைக் கண்ணால் பார்க்கும் ஒரு சிறுவனிடம், காகிதத்தில் ஆறு இல்லை என்று காட்டிப் பாருங்கள். அரசியல் அறிவு என்பது என்னவென்று அவனுக்குத் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

பக்திச் சபையிலிருந்து தொழிற்சங்கம்

நம் பகுதிக்கு இது புதிதன்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில் பிறந்தது. அது எங்கிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. பின்னி ஆலை எனப்பட்ட பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் மாலையில் சமயச் சொற்பொழிவு கேட்க ஒரு பக்திச் சபைக்கு வருவார்கள். வந்த இடத்தில், ஆலையில் பட்ட அடியையும் அவமானத்தையும் சொல்லி அழுவார்கள். சபையை நடத்தி வந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அந்த அழுகையைக் கேட்டுவிட்டு மீண்டும் சொற்பொழிவுக்குத் திரும்பிவிடவில்லை. பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள், திரு.வி.க. துணை நின்றார், சங்கம் உருவானது. அதே சங்கத்தை வழிநடத்திய எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை என்னும் யாழ்ப்பாணத்துக்காரரை, 1957இல் வடசென்னை மக்கள் நாடாளுமன்றத்துக்கே அனுப்பி வைத்தார்கள்.

நம்முடைய அன்பியக் கூட்டங்களிலும் மக்கள் அழுவதுண்டு. பெரும்பாலும் அந்த அழுகை மன்றாட்டாகவே முடிந்துவிடுகிறது.

பெல்ஜிய நாட்டில் ஜோசப் கார்டைன் என்னும் குருமாணவருக்கு இதே கேள்விதான் எழுந்தது. விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, கூடப் படித்த தோழர்கள் ஆலைத் தொழிலாளர்களாகி, இவரை முதலாளிகள் பக்கத்து ஆளாகப் பார்த்து ஒதுங்கினார்கள். அந்த வலியிலிருந்தே பிற்காலத்தில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் 1925இல் தோன்றியது. பார், தீர்ப்பிடு, செயல்படு என்னும் அவருடைய மூன்று படிகளை, திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் தம் சுற்றுமடலில் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். நம் ஊரிலும் இதன் தொடர்ச்சி உண்டு. அய்க்கஃப் எனப்படும் கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் இயக்கம் 1970இல் நம் அருகேயுள்ள பூவிருந்தவல்லியில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டது. நீதியற்ற சமுதாயத்தில் பிறந்தோம், அதை அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்பது அதன் சாரம். அன்று அதில் கையெழுத்திட்ட மாணவர்களுக்கு இன்று வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

இந்த மூன்று படிகளில் நடுவிலுள்ளதே கடினமானது. பார்ப்பதற்குக் கண் போதும். செயல்படுவதற்கு உடல் வலு போதும். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது குறைவில்லை. வெள்ளம் என்றால் கழுத்தளவு நீரில் இறங்குவார்கள். காரணத்தைத் தேடி, யார் பயன் பெறுகிறார், யார் விலை கொடுக்கிறார் என்று பகுத்தாய்ந்து ஒரு முடிவுக்கு வருவதுதான் அவர்களுக்கு மறுக்கப்படுகிறது. பள்ளி மதிப்பெண் கேட்கிறது, கட்சி கூட்டத்துக்கு ஆள் கேட்கிறது, ரசிகர் மன்றம் கட்-அவுட்டுக்குப் பால் கேட்கிறது. அவனுடைய கருத்தை மட்டும் எவரும் கேட்பதில்லை.

தடுப்பது எது?

பெற்றோரின் அச்சத்தை முதலில் சொல்ல வேண்டும். "வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட் கிடைக்காது, அரசு வேலை கிடைக்காது" என்று தாய்மார் நம்மிடம் வந்து கண் கலங்குவது வழக்கம். அந்த அச்சத்தை நாம் கேலி செய்ய முடியாது. 2018 மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் சென்றவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு வயதுப் பெண். பழங்குடி மக்களோடு வாழ்ந்த நம் திருச்சி மண்ணின் மைந்தர், இயேசு சபை அருள்தந்தை ஸ்டான் சுவாமி, 84 வயதில் விசாரணைக் கைதியாகவே 2021 சூலை 5ஆம் நாள் இறந்தார். இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு தாயிடம், "பிள்ளையைப் போராட்டத்துக்கு அனுப்புங்கள்" என்று எப்படிச் சொல்வது? அனுப்பச் சொல்லி நாம் கேட்கவில்லை. பிள்ளை எதைப் படிக்கிறான், எதைக் கேட்கிறான் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள் என்றுதான் கேட்கிறோம். வீட்டில் பேச இடமில்லாத பிள்ளையே தெருவில் முதலில் சிக்குகிறான்.

வேலை என்பது இன்னொரு முடிச்சு. அசோக் லேலண்டும் ராயல் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் தொழில் தொடங்கிய காலத்தில் ஆலை வேலை என்றால் நிரந்தர வேலை. நிரந்தர வேலை என்றால் சங்கம். சங்கம் என்றால் வாயிற் கூட்டம், துண்டறிக்கை, தேநீர்க் கடையில் உரக்கப் படிக்கும் நாளிதழ். தந்தை பேசியதைக் கேட்டே மகன் அரசியல் கற்றான். பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. இன்று துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒப்பந்தக்காரர் கைப்பேசியில் அழைத்தால் வேலை, அழைக்காவிட்டால் இல்லை. ஆற்றில் சாம்பல் கலக்கும் நிலையத்திலேயே அண்ணன் ஒப்பந்தத் தொழிலாளி, அந்த ஆற்றில் இறால் பிடிக்கும் தொழிலே தம்பிக்கு என்றிருக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது எண்ணூர் பற்றிப் பேச்சு எடுத்தால் தட்டுதான் பறக்கும். ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா என்று அந்த இளைஞனைக் கேட்பது அநியாயமான கேள்வி. ஆலையை ஒழுங்காக நடத்து, குழாயைச் சரி செய், எனக்கு நிரந்தர வேலை கொடு என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு என்பதைத்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

வாக்குக்குப் பணம் வாங்குவதைப் பற்றி நாம் அதிகம் எழுதப் போவதில்லை. 2017 ஏப்ரலில் இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையமே வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு இரத்து செய்தது. டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் அந்த ஆண்டு முதல் முறை வாக்களிக்க இருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் குடியாட்சியின் முதல் பாடம் இப்படி அமைந்தது. எண்ணெய் அள்ளிய எர்ணாவூர்க் கரைக்கும் அந்தத் தெருக்களுக்கும் சில கிலோமீட்டர்தான் தூரம், சில வாரங்கள்தான் இடைவெளி. ஒரே தலைமுறைதான் இரண்டையும் பார்த்தது.

மோசேயின் இரண்டாம் நாள்

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தை நம் இளைஞர் குழுக்கள் படித்துப் பார்க்க வேண்டும். அரண்மனையில் வளர்ந்த மோசே வளர்ந்து வெளியே போய்த் தம் இனத்தார் சுமக்கும் சுமையைப் பார்க்கிறார். சினம் கொண்டு ஓர் எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைக்கிறார். நம் மறையுரைகள் பெரும்பாலும் அங்கிருந்து நேரே எரியும் முட்புதருக்குப் போய்விடுகின்றன. மறுநாள் நடந்ததைக் கவனியுங்கள். மறுநாள் சண்டை போட்டுக் கொண்டிருந்தவர்கள் இருவரும் எபிரேயர்கள். விலக்கப் போனவரிடம், எங்களுக்கு உன்னைத் தலைவனாக்கியது யார் என்று ஒருவன் கேட்கிறான். மோசே மிதியானுக்கு ஓடுகிறார்.

முதல் நாள் அனுபவம் நம் இளைஞர்களுக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது; மெரினாவில் கிடைத்தது. இரண்டாம் நாளில்தான் பெரும்பாலோர் திரும்பி ஓடிவிடுகிறார்கள். 2023 எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் அறிவித்தபோது, 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று பிரித்தது. அரசின் கணக்கில் அது ஒரு முறை. தெருவில் வந்தால் யார் எந்தப் பட்டியல் என்ற கேள்வி. ஒரே ஆற்றில் படகில் வலை வீசுகிறவர் ஒருவர். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மற்றொருவர். கரையில் கூடை சுமந்து விற்கும் தாய் வேறொருவர். எண்ணெய் மூவரையும் ஒரே மாதிரிதான் ஒட்டியது. ஆனால் சாதியும் குப்பமும் கட்சியும் அவர்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. இதைப் பார்த்த இளைஞன், "இவர்களுக்காகவா நான் அலைந்தேன்?" என்று மனம் வெறுத்துப் போகிறான். அந்த வெறுப்பு வரும் நாளில் அவன் தோள்மேல் கை வைத்து, "இதுவும் அந்த அநீதியின் ஒரு பகுதிதான், தம்பி" என்று சொல்ல ஒரு பெரியவர் தேவை. சமூக நீதி என்பது எதிரியோடு போராடுவது மட்டுமன்று. இருளர் பிள்ளையோடு ஒரே பாயில் அமர்ந்து திட்டமிடுவதும் அதுவே. நம் கல்லறைகளிலும் திருவிழாத் தேர்களிலும் சாதி பார்க்கும் இடங்கள் தமிழகத்தில் இன்னும் இருக்கும்போது, இந்தப் பாடத்தை வெளியாருக்கு மட்டும் நாம் நடத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

பங்கில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, பெரிய திட்டம் எதையும் நாம் முன்வைக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பெரிய ஆலையோ துறைமுகமோ அனல்மின் நிலையமோ வருவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அதைப் படித்து, எழுதியோ எழுந்து நின்றோ கருத்துச் சொல்லலாம். எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கம் பற்றி 2024 டிசம்பர் 20ஆம் நாள் எர்ணாவூரில் நடந்த கூட்டத்தில் அப்படித்தான் எளிய மக்கள் ஒலிபெருக்கி முன் நின்று பேசினார்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு ஞாயிறு மாலை போதும். மறைக்கல்வி வகுப்பில் உறுதிபூசுதலுக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளே இதைச் செய்யலாம். எல்லாப் பங்கிலும் ஓர் ஓய்வு பெற்ற எழுத்தரோ ஆசிரியரோ தொழிற்சங்கக்காரரோ இருக்கிறார். அவரிடம் பிள்ளைகளை அனுப்புங்கள்.

இந்த அறிவிப்புகள் பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வந்து, யாரும் பார்க்காமல் பொட்டலத் தாளாகிப் போகின்றன. அவற்றை வெட்டி எடுத்து ஆலய அறிவிப்புப் பலகையில் திருமண ஓலைக்குப் பக்கத்தில் ஒட்டி, திருப்பலி முடிவில் ஓர் இளைஞரைக் கொண்டு வாசிக்கச் செய்யலாம். திருமணத்திற்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். முப்பது நாளில் நமக்கு நான்கு ஞாயிறு கிடைக்கிறது.